கொக்கின் இன்னொரு கால்

கோடையில் அந்தக் காட்டு ஏரி வற்றிப்போனது. நடுவில் ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. "இருக்கிற மீன் எல்லாருக்கும் காணாது. மடுவில் வேலை பார்க்கிறவர்கள் தங்கலாம். மற்றவர்கள் வேறு இடம் தேடிக்கொள்ளட்டும்" என்று பறவைகள் கூடி முடிவு செய்தன.

காவல் வேலை ஒன்று காலியாக இருந்தது. நரி வருவதைப் பார்த்துக் கூவ வேண்டும். அதைக் கேட்டு ஒரு கொக்கு வந்தது.

அந்தக் கொக்குக்கு ஒரு கால்தான். மற்றதை வேடனின் கண்ணியில் இழந்திருந்தது. தெரியாத ஏரியில், தெரியாத கரையில் ஒற்றைக் காலோடு போய் இறங்குவதை நினைத்தாலே அதற்குப் பயமாக இருந்தது. இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

"இதுக்கு ஏன்டா கவலைப்படுறே?" என்றது அதன் கூட்டாளி நீர்க்காகம். "கொக்குன்னாலே ஒரு காலை மடக்கிக்கிட்டுத்தான் நிக்கும். நீயும் பேசாம நில்லு. உள்ளே இன்னொரு கால் இருக்கா இல்லையான்னு யார் இறகைத் தூக்கிப் பார்க்கப் போறாங்க?"

கொக்குக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. தத்தித் தத்திப் போவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, மற்றவர்கள் வருமுன்பே போய் நின்றுகொண்டது.

நேர்காணலுக்கு மடுவின் தலைவி கூழைக்கடாவும், அதற்குத் துணையாக ஆமையும் உட்கார்ந்திருந்தன. நரி எந்தப் பக்கம் பதுங்கும், நாணல் காற்றில் அசைவதற்கும் நரி பட்டு அசைவதற்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் கேட்டன. கொக்கு நன்றாகவே பதில் சொன்னது.

கூழைக்கடாவுக்குத் திருப்தி. "நல்லது தம்பி. ரொம்ப நேரமா அப்படியே நிக்கிறியே. அந்தக் காலையும் கீழே வச்சு ஆற அமர நில்லு."

கொக்கு அசையவில்லை.

"அட, வைப்பா."

"இப்படியே பழகிடுச்சும்மா."

ஆமை சிரித்தது. "வேலை கொடுக்கிற வரைக்கும் ஒத்தைக் காலில் நிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

சுற்றி இருந்த பறவைகளும் சிரித்தன. கொக்குக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்றைக்குத் தப்பித்தாலும், நாளை நரி வரும்போது இல்லாத காலை எங்கே போய்த் தேடுவது?

"வேலை கொடுத்தாலும் அப்படித்தான் ஐயா நிப்பேன்" என்றது. "எனக்கு இருக்கிறதே ஒரு கால்தான். முதல்லயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

சிரிப்பு நின்றது. கூழைக்கடா இளகிப்போனது. "அடப் பாவமே. உனக்கு எதுக்குப்பா காவல் வேலை? கரையோரமா இரு. நாங்க தின்னது போக ரெண்டு மீன் போடறோம்."

"மீன் கேட்டு வரலைம்மா. வேலை கேட்டு வந்தேன்."

ஆமை குறுக்கிட்டது. "கோவிச்சுக்காதே, ஒண்ணு கேக்கறேன். நரி வருது. நீ கூவிட்டே. நாங்க தப்பிச்சிட்டோம். நீ எப்படித் தப்பிப்பே?"

கேள்வி கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான். ஆனாலும் அது வேலையைப் பற்றிய கேள்வி. கொக்குக்குப் பிடித்திருந்தது.

"வழக்கமா காவல் நிக்கிற சேத்துல நிறுத்தினா மாட்டிக்குவேன். கால் புதைஞ்சிடும். அதோ, அந்தப் பாறைமேல நிறுத்துங்க. உடனே எழும்பிடுவேன். மேலே பாசி வழுக்கும். அதை மட்டும் நண்டுகளை விட்டுச் சுரண்டித் தரணும்."

"செஞ்சு காட்டு."

கொக்கு பாறைக்குப் போய், காய்ந்த ஓரமாகப் பார்த்து நின்றது. கூவிக்கொண்டே ஒரே உந்தில் எழுந்தது. மறுகரையில் இருந்த முக்குளிப்பான்கள் நிஜமாகவே நரி வந்துவிட்டதென்று தண்ணீருக்குள் மூழ்கிவிட்டன. திரும்பி இறங்கும்போதுதான் பாசி வழுக்கி, வயிறு பாறையில் இடிக்க விழுந்தது.

"இறங்கறது சரியில்லையே" என்றது ஆமை.

கொக்கு எழுந்து இறகை உதறியது. "இறங்கறது கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் ஐயா. நரி போனதுக்கப்புறம்தானே இறங்கப் போறேன்!"

கூழைக்கடா ஆமையைப் பார்த்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு யோசித்தது. பிறகு வெளியே நீட்டி, "நண்டுகளைக் கூப்பிடுங்க. பாறையைச் சுத்தம் பண்ணணும்" என்றது.

வேலை கேட்டுப் போகிற இடத்தில் குறையை ஒளிக்கவும் வேண்டாம், அதைக் காட்டி இரக்கம் வாங்கவும் வேண்டாம். வேலையை எப்படிச் செய்வோம், அதற்கு நமக்கு என்ன வேண்டும் என்பதைத் தலைநிமிர்ந்து சொல்வதே முறை.