வேறு பிரௌசரில் திறக்கவும்

டக், டக், டக்கென்று யாரோ மௌஸை அடிக்கிற சத்தம் மேனேஜர் அறைக்கு வெளியிலேயே கேட்டது. பஸ் டிக்கெட் இணையதளத்தை வடிவமைக்கிற தவசி உள்ளே போனார். அடித்துக்கொண்டிருந்தவர் பெரிய பிரௌசர் கம்பெனியின் அதிகாரி சந்திரமௌலி.

“பட்டன் அழுந்தலேன்னா வேற பிரௌசர்ல திறங்கன்னு போட்டிருக்கியே, என்ன திமிர்யா உனக்கு? எங்க பிரௌசர்ல குறையே கிடையாது. இந்த மௌஸ்தான் பழசு. அந்த வரியை எடுத்துட்டு மன்னிப்புக் கடிதம் கொடு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ.”

மேனேஜர் பரிமளா தவசியின் பக்கம் திரும்பினார்.

“சரிங்க சார். உங்க கம்பெனி புகார்ப் பக்கத்துல என்மேல ஒரு புகார் அனுப்புங்க. அது போய்ச் சேர்ந்ததும் கடிதம் தர்றேன்.”

சந்திரமௌலி தன் லேப்டாப்பிலேயே, தன் கம்பெனி பிரௌசரில் நீளமாக எழுதி, ‘அனுப்பு’ பட்டனை அழுத்தினார். டக், டக், டக். அசையவில்லை. தினசரிப் பழக்கத்தில் அவர் கை தானாக வேறொரு பிரௌசரைத் திறந்தது.

“நானும் அதைத்தான் சார் எழுதி வெச்சேன்” என்றார் தவசி.

பரிமளா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அந்த வரி இருக்கட்டும், தவசி” என்றார்.

தவசி தன் நாற்காலிக்குத் திரும்பினார். வரியைப் படிக்காதவர்களும் ஊருக்குப் போக வேண்டுமே. சந்திரமௌலி கம்பெனியின் பிரௌசரிலும் அழுந்தும்படி பட்டனை மறுபடி திருத்த உட்கார்ந்தார்.