நாற்பது கோப்பிலும் ஒரே வட்டம்

உப்பளத்தை ஒட்டிய பள்ளியில் செல்லக்கனி தற்காலிகக் கணக்கு டீச்சர். பரீட்சை மார்க்கோடு, பிள்ளைகள் வருஷம் முழுக்கப் போட்ட கணக்குகளையும் கோப்பாகச் சேர்த்து மதிப்பிடுவாள். அவள் வகுப்பில் தப்பை அழிக்கக் கூடாது. ஒரு கோடு இழுத்து, ஏன் தப்பென்று பக்கத்தில் எழுத வேண்டும்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி வைகுண்டநாதன் கோப்புகளைப் புரட்டி முகம் சுளித்தார்.

"ஒரே அடித்தல் திருத்தல்! ஆனா கடைசி விடை மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. நீங்க சொல்லிக் கொடுத்து எழுதலைன்னு இப்பவே நிரூபிங்கம்மா. இல்லேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

தாம் பரிசு கொடுத்த இன்னொரு பள்ளியின் நாற்பது கோப்புகளையும் மேஜையில் வைத்தார். "கோப்புன்னா இப்படி இருக்கணும்."

செல்லக்கனி குரலை உயர்த்தவில்லை.

"சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். தப்புதான் ஆளுக்கொண்ணு. ஆரம் ஏழுன்னா வட்டத்தோட பரப்பளவு 154. ஆரத்துக்குப் பதிலா விட்டத்தைப் போட்டு ஒருத்தி 616 எழுதி அடிச்சிருக்கா. ஒருத்தன் சுற்றளவைப் போட்டு 44 எழுதி அடிச்சிருக்கான். அவங்கவங்க யோசிச்சாத்தான் இப்படித் தனித்தனியாத் தப்பு வரும்."

பிறகு அவர் கொண்டுவந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள். அதே வட்டக் கணக்கு. ஓர் அடித்தல் இல்லை. நாற்பதிலும் விடை 154 இல்லை, 145.

ஒவ்வொரு 145-க்குக் கீழேயும் பச்சை மையில் 'சரிபார்த்தேன்' என்று வைகுண்டநாதனின் கையெழுத்து.

அவர் அவசரமாகப் பேனாவை எடுத்துத் தம் கையெழுத்தைக் கிறுக்கி மறைக்கப் போனார்.

"மறைக்காதீங்க சார்," என்றாள் செல்லக்கனி. "ஒரு கோடு இழுத்து, ஏன் தப்புன்னு பக்கத்துல எழுதுங்க."