சின்ன மீனை விடக்கூடாத ஏரி

“பிள்ளையைப் போ எண்டு சொல்லுறதோ, நில் எண்டு சொல்லுறதோ, ரீச்சர்?”

கேட்டுவிட்டு அமிர்தநாதன் தூண்டிலை மறுபடியும் வெளியே இழுத்தார். புழு அப்படியே இருந்தது. திருப்பி எறிந்தார்.

தவமலர் ரீச்சர் தன் தூண்டிலின் மிதப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோர்வேயின் வடக்கு. கோடை முடியும் காலம். மரங்கள் முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத ஒரு மலைச்சரிவு, அதன் அடியில் ஒரு ஏரி.

ரீச்சர் அமிர்தநாதனைவிட வயதில் இளையவர். மீன்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஏரிச் சங்கத்துக்காக இந்த ஏரியைக் கவனித்து வருகிறார். தமிழ்ப் பள்ளியில் படிப்பித்ததால் அந்த ஊர்த் தமிழருக்கெல்லாம் அவர் ரீச்சர். அமிர்தநாதனின் மகன் துவாரகன் ‘அ’ எழுதப் பழகியதும் அவரிடம்தான்.

மனைவி இறந்த பிறகு அமிர்தநாதனால் வீட்டில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தூண்டில் போட்டால் மனம் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். சனிக்கிழமைகளில் ரீச்சரிடம் வரத் தொடங்கினார்.

மனம் அடங்கவில்லை. தூண்டில் போடவும் சரியாக வரவில்லை.

“துவாரகன் என்ன சொல்லுறார்?” என்று கேட்டார் ரீச்சர்.

“தெற்கில, பேர்கனில வேலை கிடைச்சிருக்கு. கப்பல் எஞ்சின் செய்யிற இடம். திங்கக்கிழமை பதில் சொல்ல வேணுமாம். ‘அப்பா ஓம் எண்டாப் போறன், இல்லையெண்டா இஞ்சயே நிக்கிறன்’ எண்டுறான்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“யோசிப்பம் எண்டனான்.”

“எப்ப?”

“போன மாசம்.”

ரீச்சர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“அவன் சின்னப் பெடியன், ரீச்சர். ஒண்டும் தெரியாது. தனிய விட்டா என்னத்தைச் சாப்பிடுவான்?”

“சமைக்கத் தெரியாதோ?”

“சமைப்பான்.”

“உங்கட வீட்டில ஆர் சமைக்கிறது?”

அமிர்தநாதன் தூண்டிலை இழுத்துப் பார்த்தார்.

“அவன்தான்.”

“வயசென்ன இப்ப?”

“வாற தைக்கு முப்பது.”

“அந்தப் புழுவைக் கொஞ்ச நேரம் தண்ணிக்குள்ள விடுங்கோ, அண்ணை. நிமிசத்துக்கொருக்கா தூக்கிப் பாக்கிறதுக்கு அதென்ன, காய்ச்சல்காரப் பிள்ளையோ?”

விட்டார். மிதப்பு அமிழ்ந்தது.

வந்தது உள்ளங்கை நீளத்தில் ஒரு மீன். அந்த நாட்டார் ரொய்யே என்பார்கள். மிகக் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழ்வது. பச்சை படிந்த முதுகு, அதில் வெளிறிய புள்ளிகள், செட்டைகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. அடிவயிறு லேசாகச் சிவந்திருந்தது.

அமிர்தநாதன் கையை நனைத்துக்கொண்டு, நோகாமல் கொக்கியைக் கழற்றினார். ரீச்சருக்கு முதுகு காட்டிக் குனிந்தார்.

“போ, குஞ்சு. வளந்து வா.”

“இண்டைக்கு எத்தினை?” என்றார் ரீச்சர், திரும்பாமலே.

“என்ன எத்தினை?”

“எனக்குத் தெரியாம விட்டது.”

அமிர்தநாதன் கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

அந்த ஏரிக்கு ஒரு விதி இருந்தது. கரையில் பலகையில் எழுதியே வைத்திருந்தார்கள். மற்ற இடங்களில் சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை எடுப்பார்கள். இங்கே பெரியது அகப்பட்டால் விட வேண்டும். சின்னதை எடுக்க வேண்டும்.

இதைவிடக் கொடுமையான விதியை அமிர்தநாதன் கேள்விப்பட்டதில்லை. போன கோடையில் முழங்கை நீளத்தில் ஒன்று அகப்பட்டு, ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை விட வேண்டி வந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

“பாவமெல்லோ, ரீச்சர். குஞ்சுகள்.”

“அடுத்ததை என்னட்டைத் தாங்கோ.”

அடுத்ததும் அதே அளவுதான். ரீச்சர் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். கத்தியால் வயிற்றைக் கீறிக் காட்டினார்.

உள்ளே முழுவதும் முட்டை. மிளகு மிளகாக, செம்மஞ்சள் நிறத்தில்.

“குஞ்சுக்கு வயித்தில முட்டையோ?” என்றார் அமிர்தநாதன்.

ரீச்சர் தலையைப் பிளந்து எதையோ தேடினார். நொய்யரிசி அளவில் ஒரு வெள்ளைக் கல். அதைத் தண்ணீரில் நனைத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக் கொடுத்தார்.

“காதுக்குள்ள இருக்கிற கல். மரத்தை வெட்டினா வளையம் தெரியுமெல்லே, அதுமாதிரி. வருசத்துக்கு ஒண்டு. எண்ணுங்கோ.”

எண்ணினார். இடையில் தவறியது. முதலிலிருந்து எண்ணினார். பத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

“இந்த அளவில, இத்தினை வயசோ?”

“சாப்பாடு கொஞ்சம். சனம் கூடிப்போச்சு. ஒருத்தரும் வெளிக்கிட்டுப் போகயில்லை. வளராமலே வயசு போயிட்டுது.”

“பெரிசுகள்?”

“பெரிசு சின்னதுகளைத் தின்னும். மிச்சத்துக்கு இடம் வரும். முந்தி ஆக்கள் பெரிசையெல்லாம் பிடிச்சுத் திண்டிட்டினம். சின்னதைப் பாவம் பாத்து விட்டுவிட்டு வந்தவை.”

“நான் நல்லது செய்யிறன் எண்டெல்லோ நினைச்சன்.”

ரீச்சர் கத்தியைப் புல்லில் துடைத்தார்.

“அந்த ஆக்களும் அப்பிடித்தான் நினைச்சவை.”

பிறகு வந்த மீனை ரீச்சர் கொல்லவில்லை. வாளியில் தண்ணீர் மொண்டு அதற்குள் விட்டார்.

“தூக்குங்கோ.”

“எங்கை?”

“மேல.”

சரிவுக்கு மேலே இன்னொரு ஏரி இருந்தது. ஒரு கொடும் பனிக்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் மூச்சுமுட்டி அங்கிருந்த மீனெல்லாம் செத்துப்போயின. கீழே இருப்பவற்றில் சிலதை மேலே கொண்டுபோய் விடச் சங்கம் அனுமதி எடுத்திருந்தது.

அமிர்தநாதன் வேகமாக ஏறினார். தண்ணீர் தளும்பிச் சப்பாத்தில் விழுந்தது. கை மாற்றினார். நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடி ஏறினார்.

“மெல்ல, அண்ணை. மீனைக் கொண்டு போறமோ, வாளியைக் கொண்டு போறமோ?”

பாதி வழியில் கைபேசி அடித்தது.

“அப்பா, எத்தினை மணிக்கு வாறியள்? சோத்துக்கு அரிசி போடட்டோ?”

“பிறகு சொல்லுறன். கையில மீன்.”

“பிடிச்சிட்டியளோ?”

“தெரியேல்லை,” என்று சொல்லி வைத்தார்.

இன்னும் கொஞ்சம் ஏறினார்கள்.

“அங்க போனா இது வளருமோ, ரீச்சர்? இந்த வயசுக்குப் பிறகு?”

“முந்தி விட்டது ஒண்டை இந்தக் கோடையில பாத்தனான்.” ரீச்சர் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

மேல் ஏரி சின்னது. காற்றில்லை. வெயில் தாழ்ந்து முதுகுப் பக்கம் இருந்தது.

ரீச்சர் ஏரித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி வாளிக்குள் விட்டார். அமிர்தநாதன் இடுப்பில் கைவைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“ஊத்திவிடுவமே?”

“இது நடந்து வந்த தண்ணி. சூடாயிட்டுது. குளிர் மெல்ல மெல்லப் பழகட்டும்.”

பிறகு ரீச்சர் தலையசைக்க, அமிர்தநாதன் வாளியைச் சரித்தார்.

மீன் வழுக்கிப் போய் ஆழமில்லாத தண்ணீரில் நின்றது. அங்கேயே நின்றது. செவுள் மட்டும் திறந்து மூடியது.

“போகுதில்லையே.”

ரீச்சர் ஈரக் கையை உதறினார்.

“பயப்பிடுது. புது இடமெல்லோ.” என்றார் அமிர்தநாதன். “பாத்தீங்களோ, ரீச்சர், அதுக்கு இஞ்ச பிடிக்கயில்லை. இருந்த இடத்துக்கே கொண்டுபோவம்.”

வாளியை எடுக்க இடப்பக்கம் சரிந்தார். மீனும் இடப்பக்கம் நகர்ந்தது.

அமிர்தநாதனின் முகம் மலர்ந்துவிட்டது.

“என்னை விட்டுப் போகமாட்டுதாம்!”

“உங்களை அதுக்குத் தெரியாது, அண்ணை. உங்கட நிழலைக் கல்லெண்டு நினைச்சு அதுக்குக் கீழ ஒதுங்கி நிக்குது.”

அமிர்தநாதன் தண்ணீரைப் பார்த்தார். அவருடைய நிழல் நீளமாக ஏரிக்குள் கிடந்தது. மீன் அதன் நெஞ்சுக்கு நேரே நின்றது.

வெகுநேரம் அவர் அசையவில்லை. அவர் அப்படி ஒரு இடத்தில் நின்று ரீச்சர் பார்த்ததே இல்லை.

பின்பக்கமாக ஒரு அடி வைத்தார். நிழல் கொஞ்சம் இழுபட்டது. மீன் அசையவில்லை.

“இன்னும்,” என்றார் ரீச்சர்.

இன்னொரு அடி வைத்தார். மீனின் முதுகில் வெயில் பட்டது. செட்டை ஓரத்து வெள்ளைக் கோடு ஒருதரம் மின்னியது.

இன்னும் ஒரு அடி.

தண்ணீருக்குக் கீழே வெறும் கற்கள் தெரிந்தன.

அமிர்தநாதன் கைபேசியை எடுத்தார். ஈரக் கையால் எண்ணை அழுத்த முடியாமல், சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினார்.

“துவாரகன், சோறு போட்டிட்டியோ?”

“இல்லையப்பா. வந்திட்டியளோ?”

“போடாத. நான் வந்து போடுறன். ஒரு சுண்டு அரிசிக்கு எத்தினை சுண்டு தண்ணி விடுறனி? எனக்குச் சொல்லு.”