டிரைவர் மருதமுத்து பக்கத்து சீட்டுல உக்காந்த கதை

ஒரு ஊர்ல ஒரு டிரைவரு இருந்தாராம். ஆனா அவருகிட்ட பஸ்ஸு இல்லையாம்.

ம் கொட்டு. ம் கொட்டினாத்தான் வண்டி நகரும்.

"ம்."

பஸ்ஸு ஏன் இல்லேன்னா, அவருக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, ஒரு சுவர்க்கடியாரத்தைக் கையில குடுத்து, ஸ்டியரிங்கை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்க. ரிட்டயர்டு. ஊரு துறையூரு. பேரு மருதமுத்துன்னு வச்சுக்கயேன்.

"தாத்தா, அது நீதானே?"

நானா? சேச்சே. அவருக்குத் தொந்தி இருக்கும்.

"உனக்கும் இருக்கே."

இருந்தா இருக்கட்டும். ஊர்ல ஒருத்தருக்கா தொந்தி இருக்கு? நீ கண்ணை மூடிக்கிட்டுக் கேளு.

அந்த மருதமுத்து காலையில நடக்கப் போவாரு. தெருமுனை வந்தா கையை வெளிய நீட்டி சிக்னல் காட்டிட்டுத்தான் திரும்புவாரு. எதிர்ல மாடு வந்தா 'பாம் பாம்'னு வாயாலயே ஹாரன் அடிப்பாரு. மாடு ஒதுங்காது. நின்னு இவரை ஒரு பார்வை பார்க்கும். இவரு மூஞ்சி தொங்கிப் போகும். துறையூர்லேர்ந்து கிளம்புற வண்டி எல்லாமே தன்னைக் கேட்டுத்தான் ஓடுதுன்னு நெனப்பு அந்த மனுசனுக்கு.

அவருக்கு ஒரு கூட்டாளி, சவரிமுத்து. அவரு கண்டக்டரு. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ரொம்ப வருசம் ஓடினவங்க. இப்ப அவரும் ரிட்டயர்டு. சாயங்காலமானா டீக்கடை பெஞ்சுல உக்காந்து போற வர்ற வண்டியை எல்லாம் திட்டுவாங்க. அதான் அவங்களுக்கு உத்தியோகம்.

"ம்."

அப்புறம், மருதமுத்து வீட்டம்மா பேரு நல்லம்மா. ஒரு நாளு அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்போ அந்தம்மா சொல்லுச்சு, "ஏங்க, எனக்கு ஒரு ஆசைங்க."

இவரு பயந்துட்டாரு. வளையல் கேக்கப் போறாளோ, கிரைண்டர் கேக்கப் போறாளோன்னு. "சொல்லு"ன்னாரு, சோத்தை முழுங்காம.

"உங்க பக்கத்துல ஜன்னலோரமா உக்காந்து பஸ்ல போகணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அம்மா ஊருக்குப் போனாலும் உங்க பஸ்ஸு, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உங்க பஸ்ஸு. மத்த பொம்பளைங்க எல்லாம் புருசன்கூட பேசிக்கிட்டே வருவாளுங்க. நான் மூணாவது சீட்டுல உக்காந்து உங்க முதுகைப் பார்த்துக்கிட்டு வருவேன். ஒரு தடவையாவது மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுப் போறேனே."

அட, இது ஒரு பெரிய விசயமான்னு அவரு தொந்தியைத் தடவிக்கிட்டு சிரிச்சாரு. சும்மா உக்காந்து வர்றதுதானே, அதுல என்ன கஷ்டம்? இதுதான் அவரு பண்ண முத தப்பு.

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை, நல்லம்மாவோட அக்கா வீட்டுக்கு, உப்பிலியபுரம் பஸ்ல ஏறினாங்க. அந்தம்மா ஜன்னலோரம். இவரு பக்கத்துல. அந்தம்மா வறுகடலைப் பொட்டலத்தைப் பிரிச்சு மடியில வச்சுக்கிட்டு, "அங்க பாருங்க, சோளம் எப்பிடி வந்திருக்கு"ன்னு கையைக் காட்டுச்சு.

இவரு சோளத்தையா பார்த்தாரு? ரோட்டைப் பார்த்தாரு.

ஓட்டினது சின்ன வயசு டிரைவரு. கியரை மாத்தினான், 'கொர்ர்ர்'னுச்சு. இவருக்குப் பல்லு கூசுச்சு. குறுக்க ஒரு ஆடு ஓடுச்சு. டிரைவரு 'சர்ர்ர்'னு பிரேக் அடிச்சான். இவரும் வலது காலால 'டக்'குனு ஒரு பிரேக் அடிச்சாரு. இவரு காலுக்குக் கீழ பிரேக்கா இருந்துச்சு? முன் சீட்டு அம்மாவோட தக்காளிப் பை இருந்துச்சு. 'சளக்!'

"யோவ்! என் தக்காளியை ரசம் வச்சுட்டியே!"

"இல்லம்மா, நான் பிரேக் போட்டேன்."

"நீ எதுக்குய்யா பிரேக் போடற? நீயா ஓட்டற?"

பஸ்ஸே சிரிச்சுது. அதோட அடங்கியிருக்கலாம்ல? அடங்கல. எந்திரிச்சு நேரா டிரைவரு பக்கத்துல பானெட்டுகிட்ட போய் நின்னுக்கிட்டாரு. "தம்பி, ரெண்டாவதுல எடு. தம்பி, கிளட்ச்சுல இருந்து காலை எடு. தம்பி, சின்னப் பாலம் வருது, மெதுவா." அந்தப் பையனும் எவ்வளவுதான் பொறுப்பான்? "ஐயா, டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல? அப்ப போய் உக்காருங்க"ன்னான். உக்காரல. ஊரு வர்ற வரைக்கும் அங்கயே நின்னாரு.

எறங்கறப்போ நல்லம்மா கடலைத்தோலை உதறிக்கிட்டே சொல்லுச்சு, "இன்னைக்கும் முதுகுதாங்க."

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம், மருதமுத்து டீக்கடைக்குப் போய் சவரிமுத்துகிட்ட சொன்னாரு. சவரிமுத்து டீ புரையேறிச் சிரிச்சாரு. அப்புறம் யோசனை சொன்னாரு. "அண்ணே, ரோடு கண்ணுல பட்டாத்தானே கால் சும்மா இருக்க மாட்டேங்குது? கடைசி சீட்டுல போய் உக்காருங்க. முன்னாடி ஒண்ணும் தெரியாது."

நல்ல யோசனைதான். மனுசன் நல்லவனா இருந்தா.

அடுத்த வாரம் புளியஞ்சோலைக்குக் கிளம்பினாங்க. அங்க ஓடை இருக்கு, பாறை இருக்கு, தண்ணி சில்லுனு ஓடும். நல்லம்மா புளிசோறு கட்டிக்கிட்டு, புதுப் புடவை கட்டிக்கிட்டு, கடைசி சீட்டுல ஜன்னலோரமா உக்காந்துச்சு. இவரு பக்கத்துல. பள்ளத்துல வண்டி விழுந்தா 'தொபுக்'னு ரெண்டு பேரும் கூரைக்குப் போய்ட்டு வருவாங்க. இவரு வாயை மூடிக்கிட்டு வந்தாரு. பாதி தூரம் வந்துட்டாரு. நல்லம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தன் சின்னப்புள்ளைக் கதை எல்லாம் சொல்லிக்கிட்டு வந்துச்சு.

அப்போ ஒரு ஊர்ல ரோடு வெட்டிப் போட்டிருந்தாங்க. பஸ்ஸைப் பின்னால எடுத்துத் திருப்பணும். கண்டக்டரு கூட்டத்துல டிக்கெட் போட்டுக்கிட்டு இருக்காரு. வண்டி 'உர்ர் உர்ர்'னு பின்னால வருது. பின்னால ஒரு வாய்க்கா. பார்த்தாரு இவரு. பொறுக்குமா? பின்படியிலேர்ந்து 'குபீர்'னு குதிச்சாரு. பஸ்ஸை 'தப் தப்'னு தட்டினாரு.

"வா... வா... வா... இடது ஒடிச்சு வா... ஓல்டான்!"

வண்டி நின்னுச்சு. அருமையாத் திரும்புச்சு. ரோட்டோரம் நின்ன சனமெல்லாம் பார்த்துச்சு. மனுசனுக்குத் தலைகால் புரியல. வண்டி நேரா வந்ததும் பழைய பழக்கத்துல 'தப் தப்'னு ரெண்டு தட்டு தட்டி, அடிவயித்துலேர்ந்து ஒரு சத்தம் குடுத்தாரு.

"போலாம் ரைட்!"

போய்டுச்சு.

நீ சிரிக்காதே. அவருக்கு அழுகையே வந்துடுச்சு. சம்சாரத்தை ஏத்திவிட்டு, தானே ரைட் குடுத்து அனுப்பிட்டு, புழுதிக்குள்ள நிக்கறாரு. கடைசிச் சன்னல்ல நல்லம்மா தலையை நீட்டி ஏதோ கத்துது. கேக்கல. கேக்காததே நல்லது.

ஒரு பால்காரரு வண்டியில தொத்திக்கிட்டு, கேனுக்கு நடுவுல நசுங்கி, புளியஞ்சோலைக்குப் போய்ச் சேர்ந்தாரு. நல்லம்மா பாறை மேல உக்காந்து தண்ணியில காலை விட்டுக்கிட்டு இருந்துச்சு. சோத்துத் தூக்கைத் திறந்தாரு. புளிசோறு அப்படியே இருந்துச்சு. ஒரு வாய்கூட தின்னல அந்தம்மா.

"நல்லம்மா..."

"இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதீங்க. நான் வீட்டோட இருந்துக்கறேன்."

திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. இவ்வளவுதான் சொல்லுச்சு.

அன்னைக்குத்தான் மருதமுத்துவுக்குப் பயம் வந்துச்சு. அந்தம்மா வீட்ல பேசும், ஆனா, 'தண்ணி வந்துடுச்சு', 'சோறு வச்சிருக்கு', அவ்வளவுதான். கேட்டதே ஒரே ஒரு ஆசை. அது வளையல் இல்ல, கிரைண்டர் இல்ல. சும்மா பக்கத்துல உக்காரச் சொல்லிச்சு. அதைக்கூட செய்ய முடியாத ஆளு, ஊரெல்லாம் கூட்டிட்டுப் போன டிரைவருன்னு சொல்லிக்கிட்டுத் திரியறோமேன்னு அவருக்குச் சோறு எறங்கல.

"ம்."

அப்போ பச்சமலை மேல, நல்லம்மாவோட தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து வந்துச்சு. போகாம இருக்க முடியாது. மலைப்பாதை, ஒடிச்சு ஒடிச்சுப் போகும். அந்தப் பாதையில மருதமுத்து வருசக்கணக்கா ஓட்டியிருக்காரு. இங்கதான் தோத்துப் போகப் போறோம்னு அவருக்கே தெரிஞ்சுது. சவரிமுத்துகிட்ட ஓடினாரு.

சவரிமுத்து டீக்கடை பெஞ்சுலயே பயிற்சி குடுத்தாரு. இவரை உக்கார வச்சு, கடைக்காரரோட சட்டி மூடியை வாங்கி ஸ்டியரிங்கா புடிச்சுக்கிட்டு, 'புர்ர்ர்ர்... கீச்ச்!'னு வாயால ஓட்டினாரு. ஒவ்வொரு கீச்சுக்கும் இவரு காலு தன்னால துள்ளுச்சு. சவரிமுத்து குடையால முழங்கால்ல ஒண்ணு போட்டாரு. ரெண்டு கிழவனுங்க பெஞ்சுல பஸ் ஓட்டறதைப் பார்க்க ஒரு கூட்டமே கூடிடுச்சு. ஒருத்தன் வந்து, "இது முசிறி போகுமா"ன்னான்.

பயிற்சி பலிக்கல. கடைசியில இவருக்கே ஒரு யோசனை வந்துச்சு. மலை பஸ்ல ஏறினதும், செருப்பைக் கழட்டிட்டு, சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. மணவறையில மாப்பிள்ளை மாதிரி. காலு மடங்கிக் கெடந்தா எதை வச்சு பிரேக் அடிக்கறது? நல்லம்மா ஒரு கண்ணால பார்த்துச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு.

முத வளைவு வந்துச்சு. சம்மணம் போட்ட ஆளுக்குப் புடிமானம் ஏது? 'சர்ரு'னு வழுக்கி, 'பொத்'துனு அந்தம்மா மேல சாய்ஞ்சாரு. அடுத்த வளைவுல அந்தப் பக்கம். பூசணிக்காய் உருளுற மாதிரி. நல்லம்மா முந்தானையை வாயில வச்சு அடக்கிப் பார்த்துச்சு. முடியல. 'களுக்'னு சிரிச்சுடுச்சு. ரொம்ப நாள் கழிச்சு!

அப்புறந்தான் வந்துச்சு வினை. பாதி மலையில, ஒடுக்கமான வளைவுல, மேலேர்ந்து ஒரு லாரி மூங்கில் ஏத்திக்கிட்டு எறங்குது. ரெண்டும் எதிரும் புதிருமா நின்னுடுச்சு. பாரத்தோட லாரி பின்னால ஏற முடியாது, பஸ்ஸுதான் பின்னால போகணும். பின்னால பள்ளம். 'உர்ர்ர்...'

மருதமுத்து கழுத்தைத் திருப்பிப் பின்னால பள்ளத்தைப் பார்த்தாரு. எறங்கு, எறங்கு, போய் 'வா வா'ன்னு சொல்லுன்னு தலைக்குள்ள ஒருத்தன் கத்தறான். சம்மணத்தைப் பிரிச்சாரு. ஒரு காலைக் கீழ வச்சுட்டாரு. எந்திரிக்கறாரு...

நல்லம்மா அவரு மணிக்கட்டை இறுக்கிப் புடிச்சுது. திரும்பிப் பார்த்தாரு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு இருக்கு அந்தம்மா.

"பயமா இருக்கா?"

"ம்."

"நான் ஓட்டறப்போ இதே மலையில நீ பயந்ததே இல்லையே."

"அப்ப உங்க முதுகு இருந்துச்சு. அது ஆடாம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். இப்ப எதைப் பார்க்கச் சொல்றீங்க?"

எந்திரிச்ச மனுசன் அப்படியே உக்காந்துட்டாரு.

"என்னைப் பாரு"ன்னாரு.

அந்தம்மா கண்ணைத் திறந்து அவரு மூஞ்சியைப் பார்த்துச்சு. கீழ வச்ச காலு பிரேக்கைத் தேடுது அவருக்கு. ஆனா மூஞ்சியை ஆட்டல. வண்டி பின்னால போச்சு. ஒரு சக்கரம் கல்லுல ஏறி 'கடக்'குனு எறங்குச்சு. இவரு கண்ணைச் சிமிட்டக்கூட இல்ல. லாரி உரசுற மாதிரி கடந்து போச்சு. பஸ்ஸு மறுபடியும் மேல ஏறுச்சு. அந்த டிரைவரு நல்லாத்தான் ஓட்டினான். இவரை விடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

"அங்க பாருங்க"ன்னு நல்லம்மா ஜன்னலைக் காட்டுச்சு. கீழ ஏரி. ஏரிக்குப் பக்கத்துல வயலு. அதுக்கும் அந்தாண்ட, தீப்பெட்டி அடுக்கி வச்ச மாதிரி நம்ம ஊரு. மேகத்தோட நெழலு அது மேல மெதுவா நகருது.

"இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?"ன்னு கேட்டாரு மனுசன்.

"எப்பவும் இங்கதாங்க இருக்கு."

எத்தனை வருசமா அந்த மலையில ஏறி எறங்கினவரு, ரோட்டைத் தவிர ஒண்ணையும் பார்த்ததில்ல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. காத்துன்னு சொன்னாரு. அந்தம்மா நம்பின மாதிரி இருந்துச்சு.

அப்புறம் மலை உச்சி வந்துச்சு. எல்லாரும் எறங்கிட்டாங்க. இவங்க ரெண்டு பேரு மட்டும் உக்காந்திருக்காங்க. கண்டக்டரு வந்து, "எறங்கலையா? இதான் கடைசி ஸ்டாப்பு"ன்னாரு.

நல்லம்மா புருசன் கையை விடாம, கண்டக்டரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டுச்சு, "ஏப்பா, இந்த பஸ்ஸு இன்னும் கொஞ்ச தூரம் போகாதா?"

அவ்வளவுதான். கதையும் மலை ஏறிடுச்சு, கண்ணு. கையைக் காலை நீட்டித் தூங்கு.