கள்ளிமேட்டுக்கு ஒரு பாராட்டு விழா

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு மரங்கொத்தி வைத்தியர் இருந்தார். குட்டிகளின் காதுக்கு மட்டும்தான் அவர் வைத்தியம் பார்ப்பார். வயிற்றுவலிக்குப் பச்சிலை கொடுக்க அந்தக் காட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு குட்டியின் காதுக்குள் ஊசிப்புல் விதை புகுந்து அடைத்துக்கொண்டால், அதை எடுக்க அவர் ஒருவரால்தான் முடியும். அவருடைய நாக்கு அவ்வளவு மெல்லியது, அவ்வளவு நீளமானது. விதையைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. விட்டுவைத்தால் உள்ளே சீழ் பிடித்து, காது போயே போய்விடும்.

விடிந்ததும் அவர் நாவல் மரப் பொந்தில் வந்து உட்காருவார். வெயில் ஏறியதும் பொந்தைச் சாத்திவிடுவார். மரத்தடியில் ஒரு குரங்கு காவல் இருந்தது. குளக்கரைக் குட்டி ஒன்று காதைச் சொறிந்தாலே போதும், தாய் அதை இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்து நிற்கும்.

காட்டின் மறுகோடியில் கள்ளிமேடு இருந்தது. அங்கே கள்ளியும் ஊசிப்புல்லும்தான் விளையும். முயல்களும் கௌதாரிகளும் அங்கே குடியிருந்தன. அங்கிருந்து ஒரு குட்டியைக்கூட வைத்தியர் பார்த்தது கிடையாது.

ஒருநாள் காட்டுத் தலைவர் கரடியார் குரங்கிடம் கேட்டார். "ஏன்டா, வைத்தியர் பார்த்ததுல கள்ளிமேட்டு ஆள் யாராவது உண்டா?"

"வைத்தியர் பார்த்தவங்கள்ல ஒருத்தர்கூட அந்தப் பக்கத்து ஆள் இல்லைங்க" என்றது குரங்கு.

"அப்படியானால் அங்கே காதுநோயே இல்லை!" என்றார் கரடியார்.

மேலே உட்கார்ந்திருந்த காகமும் சேர்ந்துகொண்டது. "நான் பறந்து போறப்போ பார்த்திருக்கேன். அங்கே தாய் முயலெல்லாம் எந்நேரமும் காலைத் தரையில தட்டித் தட்டி ஆடுதுங்க. அவ்வளவு சந்தோஷம்!"

கரடியாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நோயில்லாத கள்ளிமேட்டுக்கு ஒரு பாராட்டு விழா எடுப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. மாலை போட மரங்கொத்தி வைத்தியரையே அழைத்தார்கள். ஊசிப்புல் அங்கேதானே அதிகம் என்று வைத்தியருக்கு ஒரு சந்தேகம் வந்தது உண்மை. பழகிப்போன காதுகளாக இருக்கும் என்று அவரே அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார். படித்தவர்களுக்கு இந்த மாதிரிச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

விழா நாளும் வந்தது. குளக்கரையிலிருந்து பெரிய கூட்டமே கள்ளிமேட்டுக்குப் போனது. முயல்குட்டிகளையும் கௌதாரிக் குஞ்சுகளையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கரடியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, காடே கேட்கும்படி பேசினார். குட்டிகள் ஒன்றும் அவரைப் பார்க்கவில்லை. ஒன்று எறும்பைப் பார்த்தது, இன்னொன்று வானத்தைப் பார்த்தது.

"பாருங்கள், என்ன அடக்கமான பிள்ளைகள்!" என்றார் கரடியார்.

வைத்தியர் தன் பக்கமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு முயல்குட்டியை அழைத்தார். "பாப்பா, இங்கே பாரம்மா."

அது திரும்பவில்லை.

"பாப்பா!" என்று கத்தினார். அப்போதும் அது திரும்பவில்லை.

பக்கத்தில் ஒரு பட்டுப்போன மரம் நின்றது. அதில் தாவி ஏறி, அலகால் ஓங்கி ஓங்கிக் கொத்தினார். குளக்கரைக்காரர்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசைக் குட்டிகளில் ஒன்றுகூட அசையவில்லை. எறும்பைப் பார்த்த குட்டி எறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வைத்தியருக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு குட்டி அல்ல, இரண்டு குட்டி அல்ல. ஒரு மேட்டின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காது கேட்கவில்லை!

அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து மயில் அலறியது. வானத்தில் பருந்து!

தாய் முயல்கள் ஒன்றும் குரல் கொடுக்கவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் பின்னங்காலால் தரையைத் தட்டின. தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு உள்ளங்காலில் பட்டதும் குட்டிகள் கள்ளிப் புதர்களுக்குள் பாய்ந்தன. காகம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அது ஆட்டம் என்று சொன்னது இதைத்தான்.

எள்ளு என்ற முயல்குட்டி மட்டும் ஓடவில்லை. அது எப்போது எழுந்து போனதோ, ஒரு பெரிய பாறைமேல் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பாறைக்கு அதிர்வு போய்ச் சேரவில்லை. அதன் தாயின் பெயர் தவிட்டாள். அவள் கரடியாரையே இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பாய்ந்து குட்டியைப் பாறையிலிருந்து உருட்டிவிட்டாள். பருந்தின் நகம் அவள் முதுகில் ஒரு கீறு கீறிவிட்டுப் போனது.

வைத்தியருக்குப் பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. "இத்தனை பிள்ளைகளுக்குக் காது போயிருக்கிறது! ஒருத்தராவது என்னிடம் கொண்டுவந்து காட்டக் கூடாதா?"

தவிட்டாள் முதுகில் ரத்தம் வழிய நின்றாள். "வந்தோம்ங்க ஐயா. எல்லாருந்தான் வந்தோம். வர்ற வழியில சிறுத்தை படுத்துக் கிடக்கும். வெயில் ஏறினாத்தான் எழுந்து குகைக்குப் போகும். அதுக்கப்புறம் கிளம்பி, குட்டியைக் கூட்டிட்டு நாங்க வந்து சேர்றப்போ உங்க பொந்து சாத்தியிருக்கும்."

"என்னிடம் யாரும் சொல்லவில்லையே!"

"காவல்கார அண்ணன்கிட்டச் சொன்னோம். நாளைக்கு விடியும்போதே வாங்கன்னாரு. என் தங்கச்சி அதை நம்பி, குட்டியோட இருட்டுலயே கிளம்பினா." தவிட்டாள் எள்ளுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் உங்க மரத்துக்கு வந்து சேரலைங்க."

எல்லோரும் குரங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். குரங்கு கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தது. "சாத்தினப்புறம் வந்தவங்க வைத்தியம் பார்த்தவங்க ஆவாங்களா? தலைவர் கேட்டதுக்குத்தானே நான் பதில் சொன்னேன்" என்று முனகியது.

கரடியார் கையிலிருந்த மாலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வைத்தியருக்கு அவரைப் பார்க்க நேரமில்லை. எள்ளுவைத் தன் முன்னால் உட்காரவைத்துக் காதுக்குள் நாக்கை மெல்ல நுழைத்தார். ஒரு விதை வந்தது. மறு காதிலிருந்தும் ஒன்று வந்தது. இரண்டும் இந்தக் கோடையில் புகுந்தவை. நல்லவேளை, சீழ் பிடிக்கவில்லை.

"எள்ளு" என்று தவிட்டாள் கூப்பிட்டாள்.

குட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்த சில நாளிலேயே காது அடைத்துப்போனதால், அந்தச் சத்தம் தன் தாயின் குரல் என்று அதற்குத் தெரியவில்லை. பயந்துபோய்த் தாயைவிட்டே ஓடிக் கள்ளிக்குள் ஒளிந்துகொண்டது. தவிட்டாள் அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். பிறகு தன் மூத்த குட்டி வரகுவை வைத்தியர் முன்னால் தள்ளினாள்.

வைத்தியர் வரகுவின் ஒரு காதுக்குள் நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு நாக்கை நீட்டாமலே அலகை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க ஐயா" என்றாள் தவிட்டாள். "அவனுக்குத்தான் கேட்காதே."

"போன மழைக்கு முன்னால் பார்த்திருந்தால் எடுத்திருப்பேன் அம்மா. சீழ் பிடித்து எல்லாம் போய்விட்டது. இப்போது எடுப்பதற்கு விதையும் இல்லை. காதும் இல்லை."

வரகுவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. கள்ளிக்குள் காற்றுச் சத்தத்துக்கெல்லாம் துள்ளிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தான். தனக்கும் அப்படித்தான் ஆகப் போகிறது என்று நினைத்து, மறு காதையும் வைத்தியரிடம் நீட்டிக்கொண்டு ஆசையாக உட்கார்ந்தான்.

பயனில்லை என்று தெரிந்தும் வைத்தியர் அந்தக் காதையும் பார்த்தார். அவருடைய கண்ணீர் அந்தக் குட்டியின் நெற்றியில் விழுந்தது. அவன் மழை என்று நினைத்து வானத்தைப் பார்த்தான்.

அன்று வைத்தியர் குளக்கரைக்குத் திரும்பவில்லை. பட்டுப்போன அந்த மரத்திலேயே ஒரு பொந்து குடைந்தார். பாதி மாதம் அங்கே, பாதி மாதம் குளக்கரையில் என்று இருந்தார். குளக்கரைத் தாய்மார்கள் சிலர் முணுமுணுத்தார்கள், அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில் விதை புகுந்த குட்டிகளுக்கெல்லாம் காது திரும்பியது. வரகுவுக்கும் அவனை ஒத்த மூத்த குட்டிகளுக்கும் திரும்பவில்லை. அவர்களுக்காகத் தாய் முயல்கள் இன்றைக்கும் தரையைத் தட்டுகின்றன.

வைத்தியரிடம் வந்து சேராத பிள்ளைகளை நோயில்லாத பிள்ளைகள் என்று எண்ணிவிடாதீர்கள், அவர்களால் வர முடியாத இடத்துக்கு வைத்தியர்தான் காலம் தாழ்த்தாமல் போக வேண்டும்.