கரடி வயிற்றுக்கு வராத விருந்தாளி

மூடுபனி எளிதில் விலகாத ஒரு காட்டில் மருதாயி என்ற கரடி இருந்தாள். அவளுடைய குகைக்கு எதிரே ஓர் இலுப்பை மரம். ஆண்டுக்கு இருபத்தொரு நாள் அது பூ உதிர்க்கும். விடியற்காலையில் தேன் நிறைந்த பூக்கள் பொத், பொத் என்று விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கண்மூடிக் கிடப்பது மருதாயிக்குப் பிடிக்கும்.

அந்த ஆண்டு அவள் வயிற்றில் குட்டிகள் இருந்தன. கரடிகளின் வழக்கம் தெரியுமா, குழந்தைகளே? குட்டி ஈன்ற தாய் பல நாள் குகையை விட்டு வெளியே வராது. இரை தேடவும் போகாது. பூக்காலத்தில் உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அப்போது பாலாக ஊறும்.

பூ உதிரத் தொடங்கிய முதல் நாளே சடையன் என்ற குரங்கு வந்தான். கையில் ஒரு சின்ன டப்பா. காட்டுச் சாலையில் நின்ற காரிலிருந்து பறித்தது.

"மருதாயி அக்கா, வாயைத் திற" என்று ஒரு வெள்ளை மாத்திரையை அவள் நாக்கில் வைத்தான்.

நூறு தேனடைகளைப் பிழிந்து ஊற்றியது போல இருந்தது.

"அடேயப்பா! என்னடா இது?"

"பட்டணத்து இனிப்பு. மனிதர்கள் சர்க்கரைக்குப் பதிலாகக் காப்பியில் போடுவது. பொட்டு அளவுதான், ஆனால் ஒரு கூடைப் பூவுக்குச் சமம். பிள்ளைத்தாய்ச்சி நீ, குனிந்து குனிந்து பூப் பொறுக்கலாமா? தினம் ஒன்று நான் தருகிறேன். மரத்தடியை எனக்கு விட்டுவிடு."

"குட்டிகளுக்குச் சத்து வேண்டுமே?"

"இவ்வளவு இனிக்கிறது, சத்து இல்லாமலா போகும்? கேட்கிறாய் பார் கேள்வி!"

மருதாயி சரியென்றாள்.

மாத்திரையைச் சப்பியதும் அவளுக்குக் கண் சொக்கும். பகலெல்லாம் ஒரே கனவு. கனவில் அவள் வயிறு ஒரு பெரிய வீடாக இருந்தது. வாசலில் நின்ற நாக்கு, "விருந்து வருகிறது, விருந்து வருகிறது!" என்று கூவியது. உள்ளே அடுப்பு மூட்டினார்கள். இலை விரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். வெகுநேரம் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அடுப்பு மட்டும் தகதகவென்று எரிந்தது.

விழித்தால் முன்னைவிடப் பசித்தது. ஆனால் மரத்தடிப் பூவெல்லாம் இப்போது சடையனுடையது. அங்கங்கே நக்கிய நாலு கரையான்தான் அவளுக்குச் சாப்பாடு.

பன்னிரண்டாம் நாள் கனவில், அந்த வீட்டில் அடுப்பு மூட்டி இலை விரித்த சின்னஞ்சிறு ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

"எங்கே போகிறீர்கள்?"

"இங்கே எங்களுக்கும் சோறு இல்லையே, அம்மா."

மருதாயி திடுக்கிட்டு எழுந்தாள். உள்ளே குட்டிகள் மெல்ல நெளிந்தன.

தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனாள். கரையில் குன்றிமணி என்ற சாணி உருட்டும் வண்டு தன் உருண்டைகளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, கோபித்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் பூவின் சாரத்தை உன் உடம்பு எடுத்துக்கொள்ளும், சக்கைதான் எனக்கு வரும். இப்போது பன்னிரண்டு நாளாக உருட்டுகிறேன். பன்னிரண்டிலும் ஒரே இனிப்பு. உள்ளே போனது போனபடியே வந்திருக்கிறது. இத்தனை இனிப்பிருந்தும் எறும்பு ஒன்றுகூட மொய்க்கவில்லை."

மருதாயி இலுப்பை மரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பூ இன்னும் எத்தனை நாளுக்கு?"

"ஒன்பது."

நேரே மரத்தடிக்குப் போனாள். அங்கே சடையன் வயிறு புடைக்கப் பூக்குவியலில் சாய்ந்து கிடந்தான்.

"எழுந்திரு தம்பி, இது என் இடம்."

"பேச்சு மாறலாமா அக்கா? என் மாத்திரை பன்னிரண்டைத் தின்றிருக்கிறாய்!"

"உன் பொருள் எதையும் என் உடம்பு வைத்துக்கொள்ளவில்லையப்பா. பன்னிரண்டும் ஓடைக்கரையில் உருண்டையாக இருக்கின்றன. போய் எடுத்துக்கொள்."

"பன்னிரண்டாவது இன்னும் சூடாக இருக்கிறது, சடையண்ணே!" என்று ஓடைப் பக்கமிருந்து குன்றிமணி கத்தினாள்.

சடையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாவி ஓடினான்.

ஒன்பது நாளும் மருதாயி குனிந்து குனிந்து பூப் பொறுக்கித் தின்றாள். முதல் மழை பெய்த அன்று குகைக்குள் இரண்டு குட்டிகள் பிறந்தன. கொஞ்சம் இளைத்த குட்டிகள்தான். ஆனாலும் அவை கண் திறந்து நடக்கும்வரை பால் வற்றவில்லை. குட்டிகளை அணைத்துத் தூங்கிய மருதாயிக்குப் பழைய கனவே வந்தது. அடுப்பு எரிந்தது. விரித்த இலையில் பூக்கள் பொத், பொத் என்று விழுந்துகொண்டே இருந்தன.

நீதி: நாக்குக்கு இனிப்பதெல்லாம் உடம்புக்கு உணவாகிவிடாது.