ராஜா எழுதிய இம்போசிஷன்

வெள்ளைக்காரத் துரைகள் குதிரை வண்டியில் வந்து நம் ராஜாக்களை நலம் விசாரித்துப் போன காலத்தில், மல்லியூர் என்றொரு சின்ன சமஸ்தானத்தை விஜயகேதன ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆண்டது திவான் மார்த்தாண்டம். ராஜா சாப்பிட்டார், தூங்கினார், நடுவில் கோபப்பட்டார்.

அவருக்குத் திடீரென்று இங்கிலீஷ் ஆசை வந்தது. அடுத்த மாதம் துரை வருகிறார், நாலு வார்த்தை பேச வேண்டாமா? கான்வென்ட்டில் படித்த சலோமி டீச்சரைக் கண்மாய்க்கரைத் தெருவிலிருந்து கூட்டி வந்தார்கள்.

சலோமிக்கு அரண்மனை உத்தியோகத்தில் பூரிப்பு ஒன்றும் இல்லை. அவள் கவலையெல்லாம் கண்மாய்க்கரை. போன மழையிலேயே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. இந்த மழையில் உடைந்தால் கீழே அறுபது வீடும் போகும். அதில் ஒன்றில் அவள் அம்மாவும் இரண்டு தங்கைகளும். கரையை அடைக்க வேண்டிய ஆட்களையெல்லாம் திவான் வசந்த மண்டபம் கட்ட இழுத்துக்கொண்டிருந்தார். மூன்று மனு கொடுத்தாள். மூன்றும் திவான் மேஜையோடு சரி. ராஜாவிடம் நேரே குறை சொல்பவர்களுக்குக் கசையடி என்று சட்டம் வேறு. போதாததற்குப் பாட நேரம் முழுக்கத் திவான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ராஜா காதுக்குப் பக்கத்தில் இன்னொரு வாய் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

திவானுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாது என்பது இருபது வருஷமாக யாருக்கும் தெரியாது.

ஒரு வாரமாக ராஜா பேசிய இங்கிலீஷ் எல்லாம் 'ஐ வான்ட்'. ஐ வான்ட் மேங்கோ. ஐ வான்ட் எலிஃபன்ட். கேட்டது வந்தது, அதனால் அடுத்த பாடம் தேவைப்படவில்லை.

"இன்றைக்கு 'ஐ ஹேவ் டு', மகாராஜா. நான் செய்தே ஆக வேண்டும் என்று அர்த்தம்."

ராஜா அவளை விசித்திரமாகப் பார்த்தார். "நான் எதைச் செய்தே ஆக வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம் மகாராஜா," என்றார் திவான். "அது வேலைக்காரர்கள் இங்கிலீஷ். இந்தாம்மா, ராஜாவுக்கு ராஜா பேசுகிறதைச் சொல்லிக்கொடு. நானும் படித்தவன்தான்."

"போன வருஷம் துரை புறப்படும்போது என்ன சொன்னார், திவான் அவர்களே? நீங்கள்தானே பக்கத்தில் நின்றீர்கள்."

திவான் மீசையைத் தடவினார். "சௌக்கியமாக இருங்கள் என்றார்."

"பூச்செண்டு கொடுக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு நானும் நின்றேன். 'ஐ ஹேவ் டு கோ' என்றார். ஐந்தாவது லட்டு வைத்தபோது 'ஐ ஹேவ் டு ஸ்டாப்' என்றார். நம் ஊர்க் கண்மாயைப் பார்த்துவிட்டு 'ஐ ஹேவ் டு ரைட் டு மெட்ராஸ்' என்றார். வாய் திறந்தால் அதுதான், மகாராஜா. பெரிய இடத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "துரையே சொல்கிறாரா? அப்படியானால் எனக்கும் வேண்டும். ஐ வான்ட் ஐ ஹேவ் டு."

திவானுக்கு எரிந்தது. "துரை வருவதற்குள் மகாராஜா இதைத் தடுமாறாமல் சொல்லாவிட்டால், இந்த அம்மாள் ஊரைவிட்டே போகட்டும்."

"நியாயம்," என்றார் ராஜா. யாரையாவது ஊரைவிட்டு அனுப்புவது அவருக்கு எப்போதும் நியாயமாகத்தான் படும்.

"சரி," என்றாள் சலோமி. "எங்கள் கான்வென்ட்டில் மனப்பாடத்துக்கு ஒரே வழி இம்போசிஷன். ஒரே வரியைப் பத்துத் தடவை எழுதி, அடியில் பேர் போட வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தவரும் கையெழுத்திட வேண்டும்."

மல்லியூரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ராஜா தன் கைப்பட எழுதி, திவான் கையெழுத்திட்ட காகிதம் சாசனம். அதற்கு மறுபேச்சு கிடையாது. ராஜாக்கள் பேனா பிடிப்பதை விட்டு இரண்டு தலைமுறை ஆனதால் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். பள்ளியில் சமஸ்தான சரித்திரம் நடத்துகிற சலோமி மறக்கவில்லை.

பலகையில் எழுதினாள்: 'ஐ ஹேவ் டு மென்ட் தி டேங்க் பண்ட் பிஃபோர் தி ரெயின்ஸ்.'

"என்ன அர்த்தம், மார்த்தாண்டம்?" என்றார் ராஜா.

திவான் பலகையை உற்றுப் பார்த்தார். "துரை வந்தால் மழை வரும் என்று புகழ்கிறது, மகாராஜா."

"திவான் அவர்களுக்குத் தெரியாததா," என்றாள் சலோமி.

ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டு, மை சிந்தி, பத்து வரி எழுதிப் பேர் போட்டார். திவான் நன்றாகச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

சலோமி காகிதத்தை நேரே, கட்டுமான வேலைகளைப் பார்க்கும் மராமத்து மணியக்காரரிடம் கொண்டுபோய்ப் படித்து அர்த்தமும் சொன்னாள். மறுநாள் காலை வசந்த மண்டபத்தில் ஒரு காக்காய் இல்லை. இருநூறு பேர் கண்மாய்க்கரையில் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

சபை கூடியது. "யார் உத்தரவு?" என்றார் ராஜா, அன்றைய கோபத்தோடு.

"மகாராஜா உத்தரவு. பத்துத் தடவை." சலோமி காகிதத்தை நீட்டி, அர்த்தத்தைத் தமிழில் சொன்னாள்: "மழைக்கு முன்னால் கண்மாய்க்கரையை நான் அடைத்தே ஆக வேண்டும்."

"மோசடி," என்றார் திவான்.

ராஜா சோம்பேறிதான், மக்கு இல்லை. காகிதத்தைப் பார்த்தார், திவானைப் பார்த்தார். "மார்த்தாண்டம், நீர் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்?"

படிக்கவில்லை என்றால் இருபது வருஷத்துப் பொய் வெளியே வரும். படித்தேன் என்றால் மண்டபம் போகும்.

"படித்தேன், மகாராஜா," என்றார் திவான்.

"அப்படியானால் உம் சம்மதத்தோடு நடக்கிற வேலை. கரையில் நின்று நீரே நடத்தும். தலைப்பாகை வேண்டாம், மண் படும்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்த பிறகு சபையும் சிரித்தது. இங்கிலீஷ் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில், மார்த்தாண்டம் இருபது நாள் வெயிலில் நின்றார்.

துரை வந்தார். ராஜாவுக்குத் தடுமாறாமல் வந்தது அந்த ஒரே வரிதான், அதைச் சொன்னார். துரை புதுக் கரையைப் பார்த்தார், ராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், கடமை உணர்ந்த மன்னர் என்று மெட்ராஸுக்கு எழுதினார். பத்தாம் நாள் மழை கொட்டியது. கண்மாய் தளும்பியது, கரை அசையவில்லை. அறுபது வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

ராஜா சலோமியைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, என்ன வேண்டுமோ கேள். பட்டுச் சேலையா, வளையலா?"

"இம்போசிஷன் பாக்கி இருக்கிறது, மகாராஜா."

"இன்னுமா? எத்தனை?"

"மல்லியூரில் மொத்தம் நாற்பத்திரண்டு கண்மாய்."

ராஜா பெருமூச்சு விட்டு, பேனாவை மையில் தோய்த்தார்.